மூடியின் உட்புறத்தைக் கேளுங்கள்: போர்க்கால முதலுதவிப் பொருட்களைச் சேகரிப்பவர்களுக்கு

இணைய ஏலத்தில் 'இரண்டாம் உலகப் போர் ராணுவ முதலுதவிப் பெட்டி, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது மூடியின் உட்புறப் படம். உள்ளடக்கப் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும். என்ன பொருள், எத்தனை என்பது அதில் இருக்கும். பட்டியலையும் உள்ளே இருக்கும் பொருட்களின் படங்களையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். பெட்டி 1943. பேண்டேஜ் 1960களுடையது. பிளாஸ்டர் ஏதோ மருந்துக்கடையில் வாங்கியது. கத்தரிக்கோல் யார் வீட்டுத் தையல் மெஷின் டிராயரில் இருந்ததோ தெரியாது.

இதெல்லாம் ஏமாற்று வேலை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலுதவிப் பெட்டி என்பதே எடுத்துத் தீர்த்து, மறுபடி நிரப்பி வைக்கிற பொருள். போர் முடிந்த பிறகும் அந்தப் பெட்டிகள் வருஷக்கணக்கில் ராணுவக் கிடங்குகளில் புழங்கின. பழைய சரக்கை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது ஸ்டோர்காரர்களின் வேலை. அப்புறம் அது உபரிச் சரக்காக ஏலம் போய், பண்ணை வீட்டிலோ ஒர்க்‌ஷாப்பிலோ நிஜமாகவே முதலுதவிப் பெட்டியாக இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஆகவே முழுசாக, கலப்படமில்லாமல் கிடைப்பது அபூர்வம். அப்படிக் கிடைத்ததாகச் சொன்னால் சந்தேகப்படுவதுதான் முறை. ஏழு பொருளில் மூன்று மட்டும் இருந்து, அந்த மூன்றும் பெட்டியின் காலத்தோடு ஒத்துப்போனால், அதை நிரப்பாமல் அப்படியே வைத்திருப்பது மேல். நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் எது பிற்பாடு சேர்த்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அந்தச் சீட்டுதான் முக்கியம்.

தனி வீரனின் பொட்டலம்

பெரிய பெட்டிகளுக்குப் போகும் முன் ஒவ்வொரு வீரனும் தன்மேல் வைத்திருந்த கட்டுப் பொட்டலத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. விலையும் குறைவு, படிக்க வேண்டிய எழுத்தும் அதிகம்.

காயம்பட்டவன் மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல் களத்திலேயே காயத்தைச் சுத்தமான துணியால் மூட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் அழுத்தமாகச் சொன்னவர் கீல் நகரத்து அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் ஃபான் எஸ்மார்க். அவர் பிரபலப்படுத்திய முக்கோணக் கட்டுத்துணியில், எந்தக் காயத்துக்கு எப்படிக் கட்டுவது என்ற படங்களையே துணிமேல் அச்சடித்திருப்பார்கள். படம் போட்ட முக்கோணத் துணிகளைப் பல நாடுகள் பின்னர் தயாரித்தன; இன்றும் சந்தைக்கு வருகின்றன. வாங்கும்போது மடிப்பு ஓரங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் முதலில் இற்றுப்போவது அங்கேதான்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 'ஃபர்ஸ்ட் ஃபீல்டு டிரெஸ்ஸிங்' பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத காக்கித் துணிப் பொட்டலம். உள்ளங்கையில் அடங்கும். மேலுறை பருத்தித் துணி. அதன்மேல் எப்படிப் பிரிப்பது, எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு, தயாரித்த நிறுவனத்தின் பெயர், மாதம் அல்லது ஆண்டு எல்லாம் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். செஸ்டர்ஃபீல்டின் ராபின்சன் அண்ட் சன்ஸ், பிரெஸ்டனின் வெர்னன் அண்ட் கோ ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். உள்ளே நீர் புகாத உறை. அதற்குள் இரண்டு கட்டுகள். ஒவ்வொன்றிலும் நீளமான பேண்டேஜோடு சேர்த்துத் தைத்த ஒரு மெத்தை, கூடவே ஊக்கு. எதற்கு இரண்டு என்றால், தோட்டா நுழைந்த இடத்துக்கு ஒன்று, வெளியேறிய இடத்துக்கு ஒன்று. முதல் உலகப் போர்க் காலத்துப் பொட்டலங்களில் அயோடின் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியும் (ஆம்பூல்) இருக்கும்.

இதை வைப்பதற்கென்றே சீருடையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் போரில் மேல்சட்டையின் முன்பக்கக் கீழ்மடிப்புக்குள் தைத்த பை. இரண்டாம் போரில் 'பேட்டில்டிரெஸ்' என்ற போர்ச் சீருடைக் கால்சட்டையின் வலது முன்பக்கத்தில் ஒரு சிறு பை. சீருடை சேகரிப்பவர்களோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொண்டால், அந்தப் பைக்குள்ளேயே மறந்துபோய்க் கிடந்த பொட்டலங்கள் சில சமயம் கிடைக்கும். இவற்றைவிடப் பெரியது 'ஷெல் டிரெஸ்ஸிங்'. குண்டுச் சிதறல் காயத்துக்கானது. ஹெல்மெட் வலைக்கு அடியில் செருகியபடி படங்களில் தெரியும் உப்பலான பொட்டலம் இதுதான்.

அமெரிக்கர்களுடையது தகரத்தில் வந்தது. பென்சில்வேனியாவின் கார்லைல் பாரக்ஸில் இருந்த ராணுவ மருத்துவ உபகரணச் சோதனைக்கூடத்தில் உருவானதால் 'கார்லைல் மாடல்' என்று மூடியிலேயே பொறித்திருப்பார்கள். காற்றுப் புகாமல் அடைத்த சிறிய டப்பா. விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுத்தால் ஓரப் பட்டை உரிந்து திறக்கும். பித்தளையிலும் எஃகிலும் உண்டு. ஆரஞ்சு கலந்த சிவப்பு வண்ணத்தில் வந்தவை முந்தியவை. பிறகு ஆலிவ் பச்சைக்கு மாறின. போர் முற்ற முற்ற உலோகத்தை மிச்சம் பிடிக்க மெழுகு பூசிய அட்டைக்கு மாறினார்கள். கட்டுத்துணியின் ஒரு பக்கம் சிவப்பாக இருக்கும்: சிவப்பு முதுகுப்புறம், மறுபுறத்தைக் காயத்தில் வை என்று உள்ளே குறிப்பு உண்டு. குண்டு மழையில் நடுங்கும் கைக்கு இதைவிட எளிய குறிப்பு தேவையில்லை. வெள்ளைத் துணி தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது என்பதால் பின்னர் மங்கலான மண்நிறம், பச்சை நிறக் கட்டுகளும் வந்தன. 4 அங்குலத்துக்கு 7 அங்குலம் என்பது சிறிய கட்டின் அளவு.

மூடிய கார்லைல் டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படங்கள் ஏராளமாக இருக்கின்றன. திறந்தால் விலை இறங்குவது ஒரு பக்கம். 80 வருஷமாகக் காற்றுப் படாமல் இருந்த பஞ்சும் துணியும் அன்றிலிருந்து பழுக்கத் தொடங்கும். திறந்து காட்ட ஒன்று வேண்டுமென்றால் ஏற்கெனவே திறந்ததை வாங்குங்கள். விலையும் குறைச்சல்.

ஜெர்மன் பொட்டலம் சாம்பல் பச்சை நிறத்தில், ரப்பர் பூசிய உறையில் இருக்கும். சிறிது, பெரிது என இரண்டு அளவு. மேல்சட்டையின் உட்புறம் கீழே தைத்த பையில் வைத்துக்கொண்டார்கள். போரின் பிற்பகுதியில் பருத்திக்குப் பஞ்சம் வந்து, சுருக்கக் காகிதத்தில் பேண்டேஜ் செய்தார்கள். அந்தக் காகித பேண்டேஜ் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கிறது, அதனால் மலிவு. ஆனால் ஒரு பொருளாதாரம் எப்படித் தேய்ந்தது என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் பொருள் இந்தத் துறையில் குறைவு. சேகரிப்பாளர்கள் பலர் இதை மதிப்பதில்லை என்பது புரியாத புதிர்.

சல்ஃபாவும் மார்ஃபினும்

1935இல் ஜெர்மன் ஆய்வாளர் கெர்ஹார்ட் டோமாக் புரோன்டோசில் என்ற முதல் சல்ஃபா மருந்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட பிறகு, கிருமித்தொற்றை அடக்கும் சல்ஃபா மருந்துகள்மேல் பெரும் நம்பிக்கை பிறந்தது. அமெரிக்க வீரனுக்குக் காயத்தில் தூவ 5 கிராம் சல்ஃபனிலமைடு தூள் கொண்ட காகித உறை, விழுங்குவதற்குத் தனி மாத்திரைப் பொட்டலம். தூள், கார்லைல் டப்பாவுக்குள்ளேயே சேர்ந்தும் வந்தது. அப்படி வந்த டப்பாவில் அது அச்சில் இருக்கும். காயத்தின்மேல் தூவுவதால் பெரிய பயனில்லை என்று போர் நடக்கும்போதே மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். போரின் முடிவுக்குள் தூவும் வழக்கம் கைவிடப்பட்டது. ஆகவே 1950களின் பெட்டி ஒன்றில் போர்க்கால சல்ஃபா உறை இருந்தால், யாரோ பின்னால் வைத்தது என்றே கொள்ளலாம்.

இந்த உறைகளில் பாதி கிழிந்தும் ஈரம் கோத்துக் கட்டிதட்டியும் இருக்கும். தூள் வெளியே சிந்தினால் பக்கத்தில் உள்ள அட்டைகளில் கறை படியும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தத் தூசியே போதும். கையுறை போட்டு, தனித்தனி பாலிஎத்திலீன் பையில் போட்டுவிடுங்கள்.

கடும் வலிநிவாரணியான மார்ஃபின் அடைத்த சிரெட் வேறு விஷயம். ஈ. ஆர். ஸ்க்விப் நிறுவனத்தின் தயாரிப்பு. டூத்பேஸ்ட் குழாயைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கியதுபோல் ஒரு மெல்லிய உலோகக் குழாய், நுனியில் ஊசி, ஊசிக்குள் முத்திரையை உடைப்பதற்கான வளைந்த கம்பி. அரை கிரெயின் மார்ஃபின் டார்ட்ரேட், அதாவது சுமார் 32 மில்லிகிராம். போட்டு முடித்ததும் காலிக் குழாயைக் காயம்பட்டவனின் காலரில் குத்திவிடுவார்கள், அடுத்த ஆள் தெரியாமல் இரண்டாவதைப் போட்டுவிடாமல் இருக்க. அட்டை உறையில் ஒன்றாகவும் 5 கொண்ட பெட்டியாகவும் வந்தது.

உள்ளே மருந்து இருக்கும் சிரெட்டை வாங்காதீர்கள், விற்காதீர்கள், தபாலில் அனுப்பாதீர்கள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்துக்கு அது மார்ஃபின். 80 வருஷப் பழசு என்பதெல்லாம் வாதமாகாது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று தமிழர் வாழும் எந்த நாட்டிலும் இதுதான் நிலை. காலி அட்டை உறை, காலிப் பெட்டி, மருந்தில்லாமல் செய்யப்பட்ட நகல் குழாய் ஆகியவை காட்சிக்குப் போதும். பழைய பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்கி அதற்குள் நிறைந்த சிரெட் இருப்பது தெரிந்தால், நீங்களே பிதுக்கிக் காலி செய்ய முயலாமல் ஒரு வழக்கறிஞர் வழியாகவோ நேரடியாகவோ காவல் துறையிடம் ஒப்படைப்பதுதான் பத்திரம்.

காலத்தைக் கண்டுபிடிப்பது

தேதி அச்சாகியிருந்தால் வேலை சுலபம். இல்லாதபோதுதான் சாமர்த்தியம் வேண்டும்.

அமெரிக்கப் பொருட்களில் எண்ணைப் பாருங்கள். போர்க்கால மருத்துவத் துறையின் சரக்கு எண், கோடு இல்லாத 5 அல்லது 7 இலக்கம். 1950களில் வந்த ஃபெடரல் ஸ்டாக் நம்பர், நான்கு, மூன்று, நான்கு என்று கோடு போட்டுப் பிரித்த 11 இலக்கம். 1974இல் அதன் நடுவில் இன்னும் 2 இலக்கம் சேர்ந்து 13 ஆயிற்று. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 6510 என்றால் கட்டுத்துணி வகையறா, 6505 மருந்துகள், 6545 மருத்துவப் பெட்டிகள். ஆக, 6510 என்று தொடங்கும் பொட்டலத்தை '1944இல் நார்மண்டியில் இறங்கிய வீரனுடையது' என்று ஒருவர் விற்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் முகவரியில் 5 இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் அது 1963க்குப் பிந்தியது. ஒப்பந்த எண் டி.எஸ்.ஏ. என்று தொடங்கினால் 1961க்கும் 1977க்கும் இடைப்பட்டது. அந்தப் பெயரில் கொள்முதல் நிறுவனம் இருந்ததே அந்த ஆண்டுகளில்தான்.

இடுப்பு வாரில் மாட்டும் பைகளிலும் இதே கதை. எம்-1924 பை, கார்லைல் டப்பா கச்சிதமாக உட்காரும் அளவு. எம்-1942 சற்றுப் பெரியது. இரண்டிலும் பின்னால் வாரின் ஓட்டைகளில் கோக்கும் கம்பிக் கொக்கி இருக்கும். கொக்கிக்குப் பதிலாக வாரில் நழுவி மாட்டும் உலோகக் கிளிப் இருந்தால் அது எம்-1956 வகை. முதலுதவிக்கும் திசைகாட்டிக்கும் பொதுவாகச் செய்தது. விளம்பரங்களில் இது ஓயாமல் இரண்டாம் உலகப் போர் ஆகிவிடுகிறது. நிறமும் உதவும்: வெளிர் காக்கியாக இருந்த துணி, போரின் பிற்பாதியில் அடர் பச்சைக்கு மாறியது. மூடியைத் தூக்கி உட்புறம் பார்த்தால் தயாரித்தவர் பெயரும் ஆண்டும் முத்திரையாக இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்களில் அம்புக்குறிதான் முகவரி. வெறும் அகல அம்பு பிரிட்டனுடையது. 'சி' என்ற எழுத்துக்குள் அம்பு கனடா, 'யு'வுக்குள் அம்பு தென்னாப்பிரிக்கா, இரண்டு 'டி'க்களுக்கு நடுவில் அம்பு ஆஸ்திரேலியா, அம்போடு 'ஐ' இருந்தால் இந்தியா. இந்தியத் தயாரிப்பு வெப்பிங் (வார், பை செய்யும் கெட்டித் துணி) முரட்டு நெசவு. நிறமும் ஒரே சீராக இருக்காது. அதைக் குறை என்று தள்ளுபவர்கள் உண்டு. பர்மாப் போர்முனையைச் சேகரிப்பவருக்கு அதுதான் தேவை.

போலிகள்

அதிகம் போலி செய்யப்படுவது அமெரிக்க பாராசூட் வீரர்களின் பொட்டலம். நீர் புகாத துணியில் ஒட்டிய உறை, கட்டிக்கொள்ள நாடா, உள்ளே கார்லைல் கட்டும், ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட்டும், சிரெட்டும். ஹெல்மெட் வலையிலோ தோள் வாரிலோ கட்டிக்கொண்டு குதித்தார்கள். தேவை அதிகம், அசல் குறைவு. பழைய போர்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளுக்காக நேர்மையாகச் செய்த நகல்களே இரண்டு கை மாறியதும் அசலாகிவிடுகின்றன.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று கட்டாயம் வேண்டும். அன்றைய அச்சு ஒரே மை; எழுத்தின் உடல் நிரம்பிய கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும், விளிம்பில் மை லேசாகப் பிதுங்கியிருக்கலாம். லூப்பில் பல நிறப் புள்ளிகள் கலந்து தெரிந்தால் அது கணினி அச்சு. அடுத்தது புற ஊதா டார்ச். துணியையும் காகிதத்தையும் வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் 1950களுக்குப் பிறகே பரவலாயின. அவை அந்த வெளிச்சத்தில் நீலமாக ஜொலிக்கும். தையல் நூலை மட்டும் தனியாகப் பாருங்கள், உறை பழசாக இருந்து நூல் ஜொலித்தால் மறுபடி தைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு: யாராவது அசல் பையைச் சோப்புத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஜொலிக்கும். ஜொலிப்பதாலேயே போலி என்று தள்ளவோ, ஜொலிக்காததாலேயே அசல் என்று நம்பவோ கூடாது.

தேநீரில் ஊறவைத்துப் பழசாக்கிய அட்டையில் கறை ஒரே சீராக இருக்கும். நிஜமான பழமை அப்படி இருக்காது: வெளிச்சம் பட்ட முகம் ஒரு நிறம், மடிப்புக்குள் இன்னொரு நிறம், ஊக்கு இருந்த இடத்தில் துருவின் நிழல். பேண்டேஜும் ஊக்கும் 80 வருஷம் ஒன்றாக இருந்தால் ஊக்கின் வடிவம் துணியில் பதிந்தே தீரும்.

போலி என்று சொல்ல முடியாத, ஆனால் தவறான பெயரில் விற்கப்படும் சரக்கு இன்னும் அதிகம். 1960களின் அமெரிக்கக் குடிமைப் பாதுகாப்புத் துறை, அணுகுண்டுப் புகலிடங்களுக்காகச் சேமித்த மருத்துவப் பெட்டிகள் அதில் முதலிடம். பழுப்பு அட்டை, கறுப்பு எழுத்து, ராணுவத் தோற்றம் எல்லாம் இருக்கும். அவற்றில் ஃபீனோபார்பிடால் என்ற மயக்க மாத்திரையும் வைத்திருந்தார்கள். அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

கை வைக்கக் கூடாதவை

பிக்ரிக் அமிலம் தோய்த்த காஸ் துணி, தீக்காயத்துக்கு அன்று எல்லோரும் வைத்திருந்த மருந்து. மஞ்சள் நிறம். பிக்ரிக் அமிலம் நன்றாகக் காய்ந்துவிட்டால் வெடிபொருள். உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்புகள் இன்னும் மோசம், அதிர்ச்சியிலோ உரசலிலோ வெடிக்கக் கூடியவை. பழைய பிரிட்டிஷ் வண்டிப் பெட்டிகளிலும் தொழிற்சாலைப் பெட்டிகளிலும் உள்ளடக்கப் பட்டியலில் இந்தப் பெயரைக் கண்டால், அந்தப் பொட்டலத்தையோ டப்பாவையோ திறக்கவோ குலுக்கவோ நகர்த்தவோ வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுக் காவல் துறையின் வெடிகுண்டுப் பிரிவை அழையுங்கள். வெளிநாடுகளில் பள்ளி ஆய்வகங்களில் இதற்காக அவர்கள் வருவது சகஜம். யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கப்போவதில்லை.

அதே காலத்துத் தீக்காய மருந்தான டானிக் அமில ஜெல்லி ஆபத்தானதில்லை. காயத்தின்மேல் கெட்டியான ஓடு கட்டவைப்பது அதன் வேலை. ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் விமானப்படையினரின் தீக்காயங்களைப் பார்த்த ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ, அந்த ஓட்டால் கைவிரல்களும் இமைகளும் முடங்குவதைக் கண்டு அதைக் கடுமையாக எதிர்த்து, உப்புநீர்க் குளியலுக்கு மாறினார். ஆகவே ஜெல்லிக் குழாய் இருக்கும் பெட்டி, போரின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது என்று எண்ண இடமுண்டு.

அயோடின் ஆம்பூல் வேறு விதமான தொல்லை. அட்டைக் குழாய்க்குள் மெல்லிய கண்ணாடி. அழுத்தி உடைத்தால் நுனியில் உள்ள பஞ்சில் அயோடின் ஊறும். கீறல் விட்டிருந்தால் ஆவி கசிந்து பக்கத்தில் உள்ள ஊக்கு, கத்தரிக்கோல், டப்பாவின் உட்புறம் எல்லாவற்றையும் அரித்து, காகிதத்தைப் பழுப்பாக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனையே அடையாளம். ஆம்பூல்களைத் தனிக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, பெட்டியில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

உலர்ந்த ரத்தப் பிளாஸ்மாப் பெட்டி எல்லோருக்கும் ஆசை. இரண்டு தகர டப்பா: ஒன்றில் உலர்த்திய பிளாஸ்மாப் புட்டி, மற்றதில் காய்ச்சி வடித்த நீர், கூடவே ரப்பர் குழாயும் ஊசியும். சில நிமிடத்தில் கலந்து ஏற்றிவிடலாம். பல கொடையாளர்களின் ரத்தத்தைச் சேர்த்துச் செய்தது என்பதால் கல்லீரல் அழற்சி தொற்றும் அபாயம் அன்றே தெரிந்திருந்தது. டப்பா மூடியபடியே இருக்கட்டும்.

ரசாயனப் போருக்கான களிம்புகளும் இதே ரகம். அமெரிக்க எம்-5 டப்பாவில் தோலுக்கான 4 குழாய்களோடு லூயிசைட் என்ற கொப்புள நச்சுக்கு எதிரான கண் களிம்பு ஒன்று இருக்கும். குழாய்கள் உள்ளிருந்தே அரித்து ஒழுகுவது வழக்கம். நச்சு பட்ட தோலைச் சுத்தம் செய்ய ஜெர்மானியர் வைத்திருந்த லோசாந்தின் மாத்திரைகள் குளோரின் வகை. பேக்லைட் பெட்டி மட்டும் போதும், பொடிந்துபோன மாத்திரைகளைப் பக்கத்தில் வைத்தால் உலோகம் எதுவும் உருப்படாது.

வண்டிப் பெட்டி

அமெரிக்க மோட்டார் வண்டிப் பெட்டிகள் 12 யூனிட், 24 யூனிட் என்று வந்தன. யூனிட் என்பது ஓர் அட்டைப் பொதியின் அளவு. அட்டைகள் இடைவெளியில்லாமல் உட்காரும்படி அளவெடுத்தது. இதே அளவில் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மைன் சேஃப்டி அப்ளையன்சஸ் போன்ற நிறுவனங்கள் அட்டைகள் செய்தன, போருக்கு முன்னும் பின்னும். அதனால் காலியான ராணுவப் பெட்டியைக் குடிமைச் சரக்கால் நிரப்புவது சுலபம், பார்வைக்கும் உறுத்தாது. அட்டையின் முனையில் ராணுவ மருத்துவத் துறையின் சரக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிர் வண்ண அட்டையில் வணிக முத்திரை பளிச்சென்று இருந்தால் அது கடைச் சரக்கு.

பர்மாவும் மலேரியாவும்

தமிழ் வாசகருக்குக் கிட்டத்தில் வரும் போர்முனை பர்மா. அங்கே தோட்டாவைவிட நோய்தான் அதிகம் பேரைப் படுக்கவைத்தது. மலேரியா மருந்தான குயினினில் உலகின் பெரும்பகுதியைக் கொடுத்துக்கொண்டிருந்த ஜாவா 1942இல் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. நீலகிரியில் 1860களிலிருந்தே, குயினின் தரும் சிங்கோனா மரத்துக்கு அரசுத் தோட்டங்கள் இருந்தன. நடுவட்டத்தில் குயினின் தொழிற்சாலையும் இருந்தது. ஆனால் அந்த விளைச்சல் ஒரு போருக்குக் காணாது. எனவே செயற்கை மருந்தான மெப்பக்ரின். அமெரிக்கர்கள் அட்டாப்ரின் என்றார்கள். தோலை மஞ்சளாக்கும், ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி வேறு. மஞ்சள் உண்மை, மற்றது புரளி. வீரர்கள் விழுங்காமல் துப்பினார்கள். பர்மாவில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்து, 95 சதவீதத்துக்குக் குறைவான வீரர்களே மருந்து எடுத்திருந்தால் அந்தப் படைப்பிரிவின் தளபதியைப் பதவியிலிருந்து தூக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அதனால் இந்தப் போர்முனையைச் சேகரிப்பவர் கட்டுத்துணியோடு நிற்கக் கூடாது. மெப்பக்ரின் டப்பா, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஹாலசோன் மாத்திரை அடைத்த பழுப்புக் கண்ணாடிப் புட்டி, கொசு விரட்டிப் புட்டி, கால் பவுடர் டப்பா, இவையெல்லாம் செருகிச் சுருட்டி வைக்கும் பை ஆகியவையும் சேர்ந்ததுதான் காட்டுப்போர் முதலுதவி. புட்டியின் மூடிமேல் மெழுகு இருந்தால் சுரண்டாதீர்கள்.

நம்மூர் வெக்கையில்

சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு போன்ற கடலோர ஊர்களில் எதிரி ஈரப்பதம். 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் தகரமும் காகிதமும் பிழைக்கும். அறை முழுக்க அதைச் செய்ய முடியாது; ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். ஜெல்லை மாதமொரு முறை பாருங்கள், மழைக்காலத்தில் வாரமொரு முறை. பி.வி.சி. உறை வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற காகிதம் கிடைக்காவிட்டால், பலமுறை துவைத்துக் கஞ்சி போகச் செய்த வெள்ளைப் பருத்தித் துணி நல்ல மாற்று.

பித்தளைப் பொத்தானில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மரக் குச்சியால் சுரண்டி, வொயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். புளி வேண்டாம், பிராஸோ வேண்டாம். இரண்டும் துணியில் கறை விடும். எழுத்து உள்ள தகரத்தில் துருவைத் தேய்க்கப் போனால் எழுத்துதான் முதலில் போகும்; தூசியைத் துடைத்து மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாகப் பூசினால் போதும். வெப்பிங்கைத் துவைக்கவே கூடாது. மென்மையான பிரஷ் மட்டும்.

ராமபாணப் பூச்சி லேபிளின் பசையைத் தேடி வரும். அந்துருண்டையை நேராகப் பொருள்மேல் போட்டால் பழைய பிளாஸ்டிக்கும் ரப்பரும் பாழ். துணி மட்டுமே உள்ள பொருளென்றால் இறுக்கி மூடிய பையில் போட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடி ஆம்பூல், ரப்பர் உள்ளவற்றை ஃபிரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டூர்னிக்கெட் ரப்பர் எப்படியும் வெடித்து உதிரும். அதைத் தனியாக எடுத்து வைத்தால் மற்றவை தப்பும்.

சட்டத்தில் இன்னும் இரண்டு. செஞ்சிலுவைச் சின்னம் பொறித்த பழைய பெட்டியை வீட்டில் வைத்திருப்பது வேறு. அந்தச் சின்னத்தை உங்கள் கடைப் பலகையிலோ பழைய ஜீப்பிலோ புதிதாக எழுதுவது வேறு. இரண்டாவதை 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அரசின் அனுமதியில்லாமல் தடை செய்கிறது. அடுத்து, முதல் உலகப் போர்ப் பொருட்கள் நூறு வயதைத் தாண்டிவிட்டன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டம் நூறு ஆண்டைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அவற்றை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பும் முன் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எதில் தொடங்குவது என்றால் தேதி தெளிவாக அச்சான பிரிட்டிஷ் ஃபீல்டு டிரெஸ்ஸிங் ஒன்றில். சோவியத் ஏ.ஐ.-2 பெட்டியும் மலிவாகக் கிடைக்கும். போர்க்காலமில்லை, பனிப்போர்க் காலம். ஆரஞ்சு பிளாஸ்டிக்கில் அறை அறையாக, அணுகுண்டுக்கும் விஷவாயுவுக்கும் தயாரான குட்டிப் பெட்டி. முதல் அறை புரோமெடால் என்ற, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து ஊசிக்கானது. காலியாக இருக்கிறது என்று விற்பவர் படத்தோடு உறுதி சொன்னால் மட்டும் வாங்குங்கள். இரண்டாவது அறையில் சிவப்புக் குழாயில் நரம்பு வாயுவுக்கான மாற்று மருந்து, நான்காவதில் இளஞ்சிவப்புக் குழாய்களில் கதிர்வீச்சுக்கான மாத்திரை, ஏழாவதில் நீலக் குழாயில் வாந்தி நிறுத்தும் மருந்து. மாத்திரைகளை நாட்டுக்குள் கொண்டுவரச் சுங்கத் துறையில் சிக்கல் வரலாம். காலிக் குழாய்களோடு அனுப்பச் சொல்லுங்கள். நிறமும் இடமும் சரியாக இருந்தால் காட்சிக்கு அது போதும்.